நாயோடு நாடு சுற்றும் இதயப்புழு

(நாய் வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றி விழாவைத் தொடங்கிவைத்த கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கிடையே நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாநகர நல அலுவலர் அவர்களே, ஒட்டுண்ணியியல் கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்களே, மூன்றாம் வரிசையில் போய் அமர்ந்துகொண்டு மேடைக்கு வர மறுக்கும் என் மூத்த மருத்துவ நண்பர்களே, நாய்களைப் பெற்ற பிள்ளைகளாய் வளர்க்கும் சங்க உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குச் சால்வை வேண்டாம் என்று செயலாளரிடம் இரண்டு முறை சொல்லியும் அவர் போர்த்தியே விட்டார். அன்புக்கு நன்றி. ஆனால் இந்தச் சால்வையின் விலைக்கு ஒரு நாயின் இரத்தத்தைப் பரிசோதித்துவிடலாம் என்பதை, வாங்கி மடித்து வைத்துக்கொண்ட பிறகாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. வீட்டில் சும்மா சுற்றிவரும் பிள்ளைகளைத் திட்டுவதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்திவருகிறோம். நான் இன்று அதை ஒரு புழுவின் வரலாற்றைச் சொல்லப் பயன்படுத்தப் போகிறேன். மூன்று செய்திகளைப் பேசுவதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதலாவது, இதயப்புழு உலகின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது. இரண்டாவது, அதன் மரபணுக்கள் என்ன சொல்கின்றன என்பது. மூன்றாவது, பூனைகளுக்கு அதனால் வரும் ஆபத்து.

'டைரோஃபைலேரியா இமிட்டிஸ்' என்று அறிவியல் பெயர் கொண்ட இப்புழு, நம் மக்களை நெடுங்காலம் வாட்டிய யானைக்கால் நோய்ப் புழுவுக்கு உறவு. பெண்புழு ஓர் அடி நீளம் வரை வளரும்; நுரையீரல் தமனியிலும், எண்ணிக்கை மிகும்போது இதயத்தின் வலப்புற அறைகளிலும், வெந்த சேமியாவைக் கொட்டியதுபோல் சுருண்டு கிடக்கும்; நாயின் உடலில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிர்வாழும். அது ஈனும் நுண்புழுக்கள் இரத்தத்தில் நீந்திக்கொண்டிருக்க, கொசு அவற்றை உறிஞ்சுகிறது. வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அவை கொசுவின் உடலுக்குள் வளர்ந்து, அடுத்த கடியின்போது இன்னொரு நாய்க்குள் இறங்குகின்றன. வெப்பநிலை 14 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் கொசுவுக்குள் அவற்றின் வளர்ச்சி நின்றுவிடும். கடித்த நாளிலிருந்து புழு முதிர்ந்து, தன் குஞ்சுகளை இரத்தத்தில் விட ஆறு ஏழு மாதங்கள் ஆகும். இந்தக் கடைசிக் கணக்கைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நான் சொல்லப்போகும் கதைக்கு அதுதான் சாவி.

பணியில் இருந்த காலத்தில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். அசாமில் தேயிலைத் தோட்டமொன்றில் மேலாளராக இருந்த ஒருவர் வால்பாறைக்கு மாற்றலாகி வந்திருந்தார். கூடவே ஜிம்மி என்ற லாப்ரடாரையும் அழைத்து வந்திருந்தார். நாய்க்கு ஓயாத இருமல். மலைக்குளிர் என்று நினைத்து, அந்த வீட்டு அம்மா சித்தரத்தைக் கஷாயம் கொடுத்தார். பக்கத்து வீட்டார் சொன்னபடி கழுத்தில் மந்திரித்த கயிறும் ஏறியது. நாய் ஐஸ்கிரீம் தின்றதுதான் காரணம் என்று சமையற்காரர் சத்தியம் செய்தார். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் நிலையில், அதை என்னிடம் கொண்டுவந்தார்கள். நுண்புழுக்கள் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தில் மிகுதியாக உலவுவது பொழுது சாய்ந்த பிறகுதான். யானைக்கால் நோய்ப் பரிசோதனைக்கு இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போன சுகாதார ஊழியர்களைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். ஆகவே இரவு எட்டு மணிக்கு வாருங்கள் என்றேன். கோட்டு சூட்டோடு, கணவனும் மனைவியுமாக, குறித்த நேரத்துக்கு வந்தார்கள். இரத்தம் எடுத்தேன், கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்தேன், மின்சாரம் போய்விட்டது.

எங்களிடம் இருந்தது அடியில் ஆடி பொருத்திய பழைய நுண்ணோக்கி. பகலில் சன்னல் வெளிச்சத்தில் வேலை செய்யும். இரவில் மேசைவிளக்கு வேண்டும். டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம், பயனில்லை. அப்போது எங்கள் உதவியாளர், என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சன்னலுக்கு வெளியே நிறுத்தி, முகப்பு விளக்கை ஆடியின் மேல் விழச் செய்தார். பழைய ஸ்கூட்டர்களை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: இன்ஜின் வேகமெடுத்தால்தான் விளக்கு பிரகாசிக்கும், விட்டால் மங்கிவிடும். எனவே யாராவது வண்டியில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். உதவியாளர் நாயைப் பிடித்திருந்தார். எஞ்சியவர் மேலாளர் ஒருவர்தான். நானூறு தொழிலாளர்களை மேய்க்கும் அந்தப் பெரிய மனிதர் டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறி அமர்ந்து, 'இன்னும் கொஞ்சம் கொடுங்க சார்' என்று நான் உள்ளேயிருந்து கத்தும்போதெல்லாம் திருகினார். தெருநாய்கள் அத்தனையும் கூடிக் குரைத்தன. அந்த வெளிச்சத்தில்தான் கண்டேன்: சிவப்பணுக்களை இப்புறமும் அப்புறமும் தள்ளிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நெளியும் நுண்புழுக்கள். அந்த அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். கண்ணை எடுக்காமலேயே கேட்டார்: 'டாக்டர், இது இங்கே வந்ததா, அங்கேயிருந்து நாங்கள் கொண்டு வந்ததா?'

அவையோரே, மரபணு ஆய்வாளர்கள் இன்று பெருஞ்செலவில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை அந்த அம்மா ஸ்கூட்டர் வெளிச்சத்தில் கேட்டுவிட்டார். எனக்கு விடை சொல்ல மரபணுச் சோதனை வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வால்பாறைக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. புழுவோ ஆறு மாதத்துக்குக் குறையாமல் கணக்கு வைத்திருக்கிறது. மறுநாள் ஃபார்மலினில் கலந்து, சுழற்றி, மெத்திலின் நீலம் என்ற சாயம் ஏற்றிப் பார்த்ததில் நுண்புழுவின் வால் நேராக இருந்தது. அது இதயப்புழுவே என்று உறுதியாயிற்று. ஜிம்மி பிழைத்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வால்பாறைக் கொசுக்கள் அதை எத்தனை முறை கடித்தன, அக்கொசுக்கள் பிறகு எந்த நாய்களைத் தேடிப் போயின என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை. அதனோடு போகும் புழுவுக்கோ வேலை இருக்கிறது.

இதே கதையை அமெரிக்கா மிகப் பெரிய அளவில் கண்டது. 2005 ஆகஸ்டு இறுதியில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, உரிமையாளரைப் பிரிந்த நாய்களை மீட்டு, நல்ல மனத்தோடு நாட்டின் பல மாநிலங்களுக்கும் அனுப்பிவைத்தார்கள். அந்த வளைகுடாக் கடற்கரை இதயப்புழு மிகுந்த பகுதி. மீட்கப்பட்டவற்றில் கணிசமானவை புழுவைச் சுமந்தே போயின. இதயப்புழுவை அரிதாகவே பார்த்திருந்த ஊர்களின் மருத்துவர்களும் அதற்குப் பிறகு அதைத் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் வடக்கு இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி இப்புழுவின் பழைய கோட்டை. 1990-இல் பழைய டயர்களோடு ஜெனோவா துறைமுகம் வழியாக ஆசியப் புலிக்கொசு அந்நாட்டுக்குள் நுழைந்தது. புழுவைப் பரப்ப அதுவும் ஒரு கை கொடுத்தது. அங்கே விமானத்தில் போகும் நாய் இருக்கிறது, டயரில் வரும் கொசு இருக்கிறது, வெப்பம் கூடிவரும் கோடை இருக்கிறது. புழுவுக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். 2012-இல் இதயப்புழுவின் மரபணுத்தொகுதி முதன்முதலாகப் படித்தறியப்பட்டது. ஏறத்தாழ எட்டு கோடியே நாற்பது இலட்சம் எழுத்துகள், பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மரபணுக்கள். இத்தாலியிலிருந்து ஒன்றும் அமெரிக்காவிலிருந்து ஒன்றுமாகப் புழுக்களை ஒப்பிட்டபோது, பெருங்கடல் பிரித்த அவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு வியக்குமளவுக்குக் குறைவாக இருந்தது. எல்லாம் ஒரே புழு, அண்மையில் மனிதனோடும் அவன் நாயோடும் பரவியது என்று அப்போது பலரும் எண்ணினார்கள். 2025-இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் வழிநடத்திய ஆய்வு, பல கண்டங்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட புழுக்களின் முழு மரபணுத்தொகுதியைப் படித்து, அந்த எண்ணத்தைத் திருத்தியது. கண்டத்துக்குக் கண்டம் புழுக்கள் பிரிந்து நிற்கின்றன என்பதும், அப்பிரிவு கப்பலேறிய ஐரோப்பியர் காலத்தைவிட மிகப் பழையது என்பதும், ஓநாய், நரி முதலிய நாயினத்து விலங்குகளின் பழம்பெயர்ச்சியோடு புழுவும் நடந்திருக்கிறது என்பதும் அதன் சாரம். ஆஸ்திரேலியப் புழுக்களுக்கு ஆசியப் புழுக்களோடு உறவு தெரிகிறது. டிங்கோ நாய்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஆசியா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவை என்பதை இதனோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். நிற்க நேரமில்லாத நாய், வரலாறு எழுதத் தொடங்குவதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிட்டது.

மரபணு வேறுபாடு வெறும் வம்ச வரலாறு அன்று, மருந்தோடு தொடர்புடையது. ஜப்பானின் சத்தோஷி ஓமுரா மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்தும், வில்லியம் கேம்பலின் ஆய்விலிருந்தும் பிறந்த ஐவர்மெக்டின், 1987-இல் அமெரிக்காவில் மாதம் ஒரு முறை தரும் இதயப்புழுத் தடுப்பு மருந்தாக வந்தது. இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில், மருந்து தவறாமல் கொடுத்தும் புழு வந்த நாய்கள் தென்பட்டன. ஆய்வகத்தில் அவை மருந்தை எதிர்க்கும் புழுக்கள் என்று உறுதியாகி, அவற்றின் மரபணுவில் அடையாளக் குறிகளும் கண்டறியப்பட்டன. இனி ஒரு நாய் இடம் மாறும்போது போவது புழு மட்டுமல்ல, மருந்துக்கு அடங்காத குணமும் கூடப் போகக்கூடும். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்: பரிசோதிக்காமல் கடையில் வாங்கித் தாமாகவே மருந்து கொடுப்பவர்கள், நுண்புழு நிறைந்த நாய்க்கு, யானைக்கால் நோய்க்குத் தரும் டைஎத்தில்கார்பமசின் மருந்தைக் கொடுத்தால் அது அதிர்ச்சியில் விழுந்து இறக்கவும் கூடும். கோலி இன நாய்கள் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் அளவு மீறினால் நஞ்சு.

நம் நாட்டு நிலைமை விந்தையானது. அசாம், மிசோரம் பகுதிகளில் இதயப்புழு பதிவாகியிருக்கிறது. தெற்கே, குறிப்பாகக் கேரளத்திலும் இலங்கையிலும், நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது அதன் பங்காளியான 'ரெப்பன்ஸ்'. அது தோலுக்கடியில் வாழ்வது. நுண்புழுவின் வால் வளைந்திருக்கும். அது வழிதவறி மனிதரின் கண்ணுக்குள்ளும் வந்து, கண் மருத்துவர்கள் உயிரோடு இழுத்தெடுத்த நேர்வுகள் அவ்விரு இடங்களிலும் நிறையவே உண்டு. 2012-இல் ஹாங்காங்கில் விவரிக்கப்பட்ட மூன்றாவது உறவினரும் கேரளத்து மனிதர்களிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. நல அலுவலர் அவர்கள் இங்கே இருப்பதால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். இது நாய்க்காரர்களின் பாடு மட்டுமல்ல. வெப்பத்துக்கும் கொசுவுக்கும் நம் சமவெளியில் பஞ்சமில்லை. வடகிழக்கிலிருந்து புழு வர வேண்டியதுதான் பாக்கி. அதற்கோ இன்று நாய் வாங்குவோர் தொலைபேசியில் படம் பார்த்துப் பணம் அனுப்பி, ரயிலில் வரவழைக்கிறார்கள்.

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மேடை கிடைத்த ஊரிலெல்லாம் வைப்பதுதான். வெளிமாநிலத்திலிருந்து வாங்கும், தத்தெடுக்கும், மாற்றலாகி வரும் ஒவ்வொரு நாய்க்கும் வந்தவுடன் ஒரு முறையும், ஏழாம் மாதத்தில் இன்னொரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்து, தடுப்பூசி அட்டையில் ஊர்ப்பெயரோடு எழுத வேண்டும். ஏன் இரண்டு முறை என்பதை ஜிம்மியின் கணக்கு சொல்லும். இறந்த நாயைப் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர்கள், புழு கிடைத்தால் எறிந்துவிடாமல், 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு, நாய் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், உண்ட மருந்து ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அசாமின் புழுவும் தெற்கே கிடைக்கும் புழுவும் எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்தவை என்பதைப் பேராசிரியர்கள் கண்டறியத் தயார். அவர்கள் கையில் புழு இருக்க வேண்டும், சீட்டில் ஊர் இருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் மரபணு பாழாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூனைகளைப் பற்றிய மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பூனை வளர்ப்போர் என்னைப் பொறுத்தருள வேண்டும். தீர்மானத்தின் வரைவு செயலாளரிடம் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் உறுப்பினர்கள் கையொப்பமிட்டால் இணை இயக்குநர் அவர்களிடம் நேரில் கொடுத்துவிடலாம். மாதிரிக் குப்பிகளும் சீட்டுகளும் வாசலில் பெட்டியில் வைத்திருக்கிறேன். தனியே மருத்துவம் பார்க்கும் நண்பர்கள் ஆளுக்குப் பத்தாவது எடுத்துச் செல்லுங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.