அல்டாப்ரா: ஓதம் ஆளும் தீவு

[காட்சி: வானிலிருந்து எடுத்த படம். கடும் நீலக் கடலில் வளையமாகக் கிடக்கும் தீவு. வளையத்துக்குள் வெளிர்பச்சைத் தண்ணீர்.]

குரல்:
இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கத்தில், மடகாஸ்கருக்கு வடமேற்கே சுமார் 420 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அல்டாப்ரா. சீஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. ஆனால் அந்த நாட்டின் தலைநகர் இருக்கும் மாஹே தீவிலிருந்து இங்கே வரவே 1,100 கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடக்க வேண்டும். ஊர் கிடையாது, விடுதி கிடையாது. ஆராய்ச்சி நிலையத்தில் தங்கி வேலை பார்க்கும் சிலரைத் தவிர மனிதர்களே இல்லை.

பிக்கார்ட், பாலிம்னி, மலபார், கிராண்ட் டெர் என்ற நான்கு பவளப்பாறைத் தீவுகள் வளையமாகச் சுற்றி நிற்க, நடுவில் பெரிய காயல். வளையத்தின் நீளம் மட்டும் 34 கிலோமீட்டர். இந்தக் காயலுக்குள் கடல் தினமும் இரண்டு முறை ஏறி வருகிறது, இரண்டு முறை வெளியேறுகிறது. இங்குள்ள உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் கடிகாரம். எது எப்போது இரை தேடும், எப்போது கரையேறும், எப்போது ஒதுங்கும் என்பதை அந்தத் தண்ணீரே முடிவு செய்கிறது.

[காட்சி: பூமி, நிலா, சூரியன் வரைபடம்.]

குரல்:
முதலில் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, எப்படி வருகிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நிலாவின் ஈர்ப்பால் கடல்நீர் நிலாவைப் பார்த்த பக்கமும் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் சற்று மேலெழுகிறது. பூமி சுழல்வதால் ஒரே இடத்துக்கு ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலாவும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனின் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். அப்போது கடல் அதிகமாக ஏறி, அதிகமாக வற்றும். அஷ்டமி வாக்கில் இரண்டும் குறைவு.

அல்டாப்ராவில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சுமார் 3 மீட்டர் மாறுகிறது. காயலின் பெரும்பகுதிக்கு அவ்வளவு ஆழமே கிடையாது. அப்படியானால் என்ன நடக்கும்? காலையில் படகு ஓடிய இடம் மதியம் சேறும் மணலுமாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் தரையாகக் கிடக்கும்.

[காட்சி: கால்வாய் வழியே சுழித்து ஓடும் நீர். மேற்பரப்பில் நுரைக்கோடுகள்.]

குரல்:
இனி வருவதுதான் அல்டாப்ராவின் தனிச்சிறப்பு. இவ்வளவு தண்ணீரும் உள்ளே வரவும் வெளியே போகவும் இருப்பவை சில கால்வாய்கள் மட்டுமே. பெரியது கிராண்ட் பாஸ். பிக்கார்டுக்கும் பாலிம்னிக்கும் நடுவே இருக்கிறது. காயல் நீரில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் போய் வருகிறது. மற்றவை அதைவிடச் சிறியவை.

குறுகிய கழுத்துள்ள குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் சட்டென்று கொட்டிவிடாது, நேரம் எடுக்கும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும். வெளியே கடல் வற்றத் தொடங்கியும் உள்ளே காயல் நிறைந்தே இருக்கும். வெளியே மறுபடி ஏறத் தொடங்கும்போது, உள்ளே இன்னும் வடிந்துகொண்டிருக்கும். வாசலிலிருந்து தள்ளிப் போகப் போகத் தாமதமும் கூடும். ஒரே தீவில், ஒரே நேரத்தில், வெளிக்கரையில் ஏற்றம், உட்கரையில் வற்றம்! பறவைகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஓர் இடத்தில் சேறு மூழ்கினாலும் இன்னோர் இடத்தில் சேறு திறந்திருக்கும்.

[காட்சி: வற்றிய சேற்றுவெளி. கறுப்பு வெள்ளைப் பறவைகள் நடக்கின்றன. அருகில் ஒரு வெள்ளை அரிவாள்மூக்கன்.]

குரல்:
நீர் இறங்கியதும் சேற்றில் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வரும். அவற்றுக்காகவே காத்திருக்கும் பறவை நண்டுதின்னி உள்ளான். பருத்த கறுப்பு அலகால் நண்டை உடைத்து விழுங்கும். அரேபியக் கரைகளில் மணலுக்குள் வளை தோண்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, இரை தேடி இத்தனை தூரம் வருகிறது.

அதே சேற்றில் தலை குனிந்து நடக்கிறது மடகாஸ்கர் அரிவாள்மூக்கன். அல்டாப்ராவில் இருக்கும் இனத்துக்குக் கண் வெளிர்நீலம். கறுத்த மொட்டைத் தலையில் அந்த நிறம் பளிச்சென்று தெரியும். கேமராவைக் கொஞ்சம் அருகே கொண்டுபோனால் கண்ணை எடுக்கவே மனம் வராது.

[காட்சி: ஏறும் நீர். அலையாத்தி வேர்களுக்கு நடுவே கறுத்த துடுப்பு முனைகள்.]

குரல்:
ஏற்றம் வந்ததும் அரங்கம் மாறுகிறது. முழங்கால் அளவு நீரிலேயே குட்டிச் சுறாக்கள் உள்ளே வருகின்றன. துடுப்பின் நுனி கறுப்பாக இருக்கும் கருமுனைச் சுறா, மஞ்சள் சாயல் கொண்ட எலுமிச்சைச் சுறா. காயலின் ஓரமெல்லாம் அலையாத்திக் காடு. அந்த வேர்களுக்கு இடையே பெரிய சுறாக்கள் நுழைய முடியாது; குட்டிகளுக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது, சின்ன மீன்களும் கிடைக்கின்றன. வற்றம் தொடங்கினால் நீரோடு திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் குட்டைக்குள் மாட்டிக்கொள்ள நேரும்.

அந்தக் காட்டின் மேல்மாடியில் ஃப்ரிகேட் பறவைகள் குடியிருக்கின்றன. உலகின் மிகப் பெரிய ஃப்ரிகேட் பறவைக் குடியிருப்புகளில் இது ஒன்று. கடலிலேயே பிழைக்கும் இந்தப் பறவையின் இறகு முழுமையாக நீர் ஒட்டாத இறகு அல்ல. கடலில் இறங்கி உட்கார முடியாது. அதனால் பறந்தபடியே நீர்ப்பரப்பில் மீனைக் கொத்தும். சில சமயம் பக்கத்துக் கிளையில் வாழும் செங்கால் பூபிப் பறவையைத் துரத்தி, அது விழுங்கிய மீனைக் கக்க வைத்துப் பிடுங்கிக்கொள்ளும்.

[காட்சி: காயலுக்குள் காளான் வடிவப் பாறைகள். அடிப்பகுதி மட்டும் மெலிந்து இருக்கிறது.]

குரல்:
இந்தப் பாறைகளைப் பாருங்கள். மேலே செடி, நடுவில் அகலம், அடியில் ஒல்லி. அடியை இப்படிக் குடைந்தது அலையும் உப்புநீரும் மட்டும் அல்ல. கைட்டன் என்றொரு சிறிய உயிர். ஓட்டுத் தகடுகளை முதுகில் சுமந்துகொண்டு பாறையில் ஒட்டிக் கிடக்கும். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பதுதான் அதன் வேலை. அதன் பற்களில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருக்கிறது; சுண்ணாம்புப் பாறையைவிடக் கடினம். பாசியோடு பாறையும் துகள் துகளாகச் சுரண்டப்படுகிறது. ஓதம் ஏறி இறங்கும் அந்தப் பட்டைக்குள்ளேயே இவை மேய்வதால், அங்கே மட்டும் பாறை உள்வாங்கிப் போகிறது.

[காட்சி: இரவு. ஏற்ற நேரம். கரையேறும் பெரிய ஆமை.]

குரல்:
இனி பேராமை. பச்சை ஆமை என்றும் சொல்வார்கள். கரைக்கு முன்னால் பாறைத்தளம் பரந்து கிடப்பதால், நீர் வற்றிய நேரத்தில் வந்தால் அந்தக் கூர்பாறையில் உடம்பை இழுத்துக்கொண்டு நகர வேண்டும். இரவு ஏற்றத்தில் வந்தால் நீந்தியே மணலைத் தொட்டுவிடலாம். முட்டையிட்டு முடித்து, விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிட்டால் நல்லது. பொழுது ஏறி, நீரும் வற்றிவிட்டால் வெயிலே அதைக் கொன்றுவிடலாம்.

இறைச்சிக்காக இங்கே பேராமைகளைப் பல பத்தாண்டுகள் வேட்டையாடித் தீர்த்தார்கள். 1968-இல் பாதுகாப்பு வந்தது. அப்போது ஆண்டுக்கு 2,000 முதல் 3,000 கூடுகள்தான் இருந்தன. ஐம்பது ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பிறகு அது 15,000-ஐத் தாண்டியது. இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல்: முன்பு வேட்டை மிகக் கடுமையாக நடந்த பிக்கார்ட் தீவின் கரையில்தான் கூடுகள் மிக அதிகமாகப் பெருகின. இந்த ஆமை வளர்ந்து முட்டையிட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் யாரும் கைவைக்காமல் காத்ததன் பலன் இது.

[காட்சி: புல்வெளியில் மேயும் பெருத்த நில ஆமைகள்.]

குரல்:
அல்டாப்ரா என்றாலே பலருக்கு நினைவு வருவது ராட்சத நில ஆமை. ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்கின்றன. 1874-இல் சார்லஸ் டார்வினும் வேறு சில அறிஞர்களும் இவற்றைக் காப்பாற்றச் சொல்லி மொரிஷியஸ் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள்.

நில ஆமைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் தான்சானியாவின் கிம்பிஜி கடற்கரையில் ஒரு ராட்சத ஆமை கடலிலிருந்து நடந்து கரையேறியது. மெலிந்து போயிருந்தது. கால்களில் கொட்டலசுகள் என்ற, கடலில் எதிலாவது ஒட்டி வாழும் சிறு ஓட்டு உயிர்கள் வளர்ந்திருந்தன. அவை அந்த அளவு வளரப் பல வாரங்கள் ஆகும். அல்டாப்ராவிலிருந்து 740 கிலோமீட்டர் மிதந்தே வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். இவற்றின் முன்னோர்களும் இப்படித்தான் மடகாஸ்கரிலிருந்து மிதந்து இங்கே சேர்ந்திருக்க வேண்டும்.

[காட்சி: புதருக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் கானாங்கோழி.]

குரல்:
கடல் தினம் ஏறி இறங்குவதைப் பார்த்தோம். யுகக் கணக்கிலும் அது ஏறி இறங்கியிருக்கிறது. சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் அல்டாப்ரா முழுவதும் மூழ்கியது. பறக்க முடியாத ஒரு கானாங்கோழி இனம் அதோடு அழிந்தது. அப்புறம் கடல் இறங்கித் தீவு வெளிப்பட்டபோது, மடகாஸ்கரிலிருந்து அதே மூதாதைப் பறவை மறுபடி பறந்து வந்தது. இங்கே தங்கி, மறுபடியும் பறக்கும் ஆற்றலை இழந்தது. புதைபடிவ எலும்புகளை ஒப்பிட்டு 2019-இல் இதை வெளியிட்டார்கள். இப்போது புதருக்குள் ஓடுவது அந்த இரண்டாவது வருகையின் வாரிசு.

[காட்சி: கிராண்ட் டெர் தெற்குக் கரை. வலைக்குவியல், கயிறு, ரப்பர் செருப்புகள்.]

குரல்:
கடல் கொண்டுவரும் இன்னொன்றையும் காட்டியாக வேண்டும். 2019-இல் தன்னார்வலர்கள் ஐந்து வாரம் உழைத்து 25 டன் குப்பையை இங்கிருந்து அகற்றினார்கள். அதற்குப் பிறகும் சுமார் 513 டன் மிச்சம் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். எடையில் 83 சதவீதம் மீன்பிடி வலையும் கயிறும். செருப்புகள் மட்டும் சுமார் 3,60,000. ஏற்றத்தில் நீந்தி வந்து மணலைத் தொடும் பேராமை, இந்த வலைக்குவியலைத் தாண்டித்தான் கூடு தோண்ட இடம் தேடுகிறது.

மிச்சத்தை அகற்ற 46 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்பது அதே ஆய்வின் கணக்கு. சீஷெல்ஸின் மக்கள்தொகையே ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். 1982 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் ஓர் இடத்தின் இந்தச் செலவை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. அந்த வலைகளை வீசிய கப்பல்களும், அவை பிடித்த மீனை விற்கும் நிறுவனங்களும் இதற்குப் பணம் கொடுக்க வேண்டும்.