கரைந்துபோன கணக்கு நோட்டு

(மும்பை தாராவியில், தமிழ்ச் சபையார் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியது)

அன்பான சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபைக்கு வெளியிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்கம்பக்கத்தாருக்கு என் வணக்கம். உங்களை மனதில் வைத்துத்தான் இன்றைக்கு இந்த வசனத்தை எடுத்தேன்.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்." மத்தேயு 11:28. வீட்டுக் காலண்டரில் இருக்கிறது, கோயில் சுவரில் இருக்கிறது, ஆட்டோ முதுகில்கூட இருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அந்த 'எல்லாரும்' என்கிற சொல்லில் நாம் நிற்பதே இல்லை. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. பாரம் சுமக்கிறவர்கள் வரலாம் என்றார். தாராவியில் பாரம் சுமக்காதவர் யார் ஐயா?

இங்கிருந்து நடந்தே போய்விடலாம் மாஹிம் புனித மிக்கேல் கோயிலுக்கு. 1948 செப்டம்பர் 8-ல் அங்கே சகாய மாதா நவநாள், அதாவது புதன்தோறும் மாதாவிடம் வேண்டுகிற ஜெபம், தொடங்கியது. நான் சீர்திருத்த சபைக்காரன், நவநாள் எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் புதன்கிழமைகளில் அந்த வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். குங்குமம் வைத்த அம்மா வருகிறார், பர்தா போட்ட அம்மா வருகிறார். கால் வலிக்காரர் கையில் மெழுகுக் கால். இன்னொருவர் கையில் மெழுகு வீடு. பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறையில், வாடகைக்கு இருக்கிற மனிதர், உள்ளங்கை அகல மெழுகு வீட்டை உடைந்துவிடாமல் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்ததைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நீ யார், எந்த மதம் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அதை மாதாவுக்குக் காணிக்கையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

என்னைக் கேட்டார்கள். 1978-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தேன், வயது பத்தொன்பது. முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்ச் சபைக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் பெரியவர் ஒருவர் தோளில் கை போட்டு, "தம்பி எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னேன். தோளில் இருந்த கை இறங்கிவிட்டது. தெருவைக் கேட்டால் எதைக் கேட்டதாக அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் எந்தக் கோயில் படியும் ஏறவில்லை. யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. 'எல்லாரும்' என்கிற சொல்லை நாம் எந்த இடத்தில் மூடுகிறோம் என்று காட்டத்தான் சொல்கிறேன்.

நம் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பீடம் ஒன்றுதான். அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு மண்டபம். அந்தக் காலத்தில் ஒன்றில் ஒரு சாதி, மற்றதில் இன்னொரு சாதி, நடுவில் தடுப்பு. ஒரே பூசை, ஒரே அப்பம், ஆனால் ஒருவர் முகம் மற்றவர் கண்ணில் படக்கூடாது! கௌசானல் அடிகளார் 1910-ல் அந்தத் தடுப்பை எடுக்க வைத்தார். விஷயம் கோர்ட் வரைக்கும் போனது. தனியாக உட்காருவது எங்கள் உரிமை என்று வாதாடிப் பார்த்தார்கள், கோர்ட் ஏற்கவில்லை. சுவரை எடுத்தாயிற்று. எந்தத் தெரு என்று கேட்கிற வாயை யார் எடுப்பது? ரயில் ஏறி இரண்டு ராத்திரி பயணம் செய்து மும்பைக்கே வந்துவிட்டதே அந்தக் கேள்வி.

விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்க மாட்டார்கள், உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்கிறார் ஆண்டவர். மரக்கால் என்றால் நெல் அளக்கிற பாத்திரம். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அளக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்து விளக்கை மூடுவது என்று நம் பைபிளில் அமைந்திருப்பது எனக்குள் ரொம்ப நாளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. இவன் எவ்வளவு, அவன் எவ்வளவு என்று நாம் ஆளை அளக்கிற அதே மரக்கால்தான் நம் விளக்கையும் மூடுகிறது.

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றும் அவரே சொல்லியிருக்கிறாரே, பிறகு எப்படி மனுஷர் முன்பாகப் பிரகாசிப்பது என்று ஒரு வாலிபர் போன வாரம் கேட்டார். நல்ல கேள்வி. தம்பி, நம் சந்துக்கு வந்து பார். ஒரு தகரத்துக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அக்கம்பக்கத்தார். நம் ஜெபமும் கேட்கும், அரை மணி கழித்துப் போடுகிற சண்டையும் கேட்கும். காலை குழாயடியில் யார் குடத்தைத் தள்ளிவிட்டு யார் குடம் முந்துகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். காட்டுவதற்கென்று நாம் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் சந்தில் இட்லி போட்டு விற்ற அக்கா ஒருவர் இருந்தார். விதவை, படிப்பு அதிகமில்லை. விடியற்காலம் மூன்று மணிக்கு அவர் கிரைண்டர் ஓடினால்தான் எனக்கு விழிப்பு வரும். 2005 ஜூலை 26 உங்களுக்கு நினைவிருக்கும். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு நம் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் கோலிக்குள் ஏறியபோது அக்கா முதலில் தூக்கியது மாவுப் பானையை. பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தபோது தண்ணீர் இடுப்பளவு. மேல்தளத்தில் இருந்த பாய் வீட்டம்மா தன் அடுப்பைக் கொடுத்தார். அன்று ராத்திரி முழுக்க அந்த அடுப்பில் இட்லி வெந்தது. மேலே ஏறி வந்த அத்தனை பேரும் சாப்பிட்டோம். யாருக்கு எத்தனை என்று எண்ணவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தால், கடன் கணக்கு எழுதிய நோட்டு கூழாகக் கிடந்தது. சந்தில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். நானும் இருந்தேன். "எக்கா, ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க, நான் வேற நோட்டுல எழுதித் தாரேன்" என்றேன். "வேண்டாம் தம்பி. ஞாபகம் இருக்கவங்க தருவாங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் கூழை வழித்துச் சாக்கடையில் போட்டார். சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. கொடுக்காதவர் பிள்ளை தட்டை நீட்டினாலும் மறுநாள் நாலு இட்லி விழுந்தது, சட்னியில் தண்ணீர் கூடவில்லை.

ஆராதனையில் நாம் 'எங்கள் குற்றங்களை மன்னியும்' என்று சொல்கிறோம். மத்தேயு 6:12-ஐத் திறந்து பாருங்கள், 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை' என்று இருக்கும். அந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அக்கா கையில் அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான், கடன் என்றால் கடன்தான் என்று எனக்கு உறைத்தது.

நேரம் ஆகிறது. கூட்டம் முடிந்ததும் சாப்பாடு இருக்கிறது. யார் வந்தாலும் கை நனைக்க வேண்டுமென்று சாம்பார் சாதமாகத்தான் ஆக்கச் சொன்னோம். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிகள் அடுத்த சந்தில் பிள்ளையார் விழா நடத்துகிற கணபதி மண்டல் பிள்ளைகள் இரவல் தந்தவை. அவர்களும் வந்திருக்கிறார்கள். முதல் பந்தியில் அவர்களும் பின்வரிசையில் இருக்கிறவர்களும் உட்காரட்டும். சபை மூப்பர்கள் பரிமாறுவார்கள், நானும் வருகிறேன். இலை போட ஆள் வேண்டும். வாலிபர் சங்கத்திலிருந்து நாலு பேர் இப்போதே எழுந்து வாருங்கள்.