கூம் இட்வால்: டார்வின் கண்ணுக்குத் தப்பின பனியாறு

வணக்கம் மக்களே! இது வடக்கு வேல்ஸ், கூம் இட்வால். 1954ல வேல்ஸோட முதல் தேசிய இயற்கைக் காப்பகமா அறிவிச்ச இடம். மூணு பக்கம் பாறைச்சுவர், ஒரு பக்கம் திறப்பு, நடுவுல ஏரி. மெல்ல நகர்ற ஐஸ் ஆறு, அதாவது பனியாறு, ஒரு காலத்துல குடைஞ்செடுத்த கிண்ணம் இது. எவரெஸ்ட்டுல 'வெஸ்டர்ன் கூம்'னு சொல்றாங்களே, அந்த 'கூம்' இந்த ஊர் வெல்ஷ் சொல்தான்.

1831ல டார்வின், புவியியல் பேராசிரியர் செட்ஜ்விக்கோட இங்க வந்து பாறை பாறையா புதைபடிவம் தேடினாரு. சுத்தி இருந்த பனியாற்றுத் தடம் ஒண்ணுகூட ரெண்டு பேர் கண்ணுலயும் படல. 1842ல டார்வின் திரும்பி வந்தப்பதான் எல்லாம் புரிஞ்சது. அதனால எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சுகிட்டு நடங்க.

ஏ5 சாலையோரம் ஆக்வென் கார் பார்க்கிங்ல இருந்து கல் பாவின பாதை. சுமார் அரை மணி நேரத்துல ஏரி வந்துடும். வழியில யானை முதுகு மாதிரி வழவழப்பான பாறைகள் இருக்கும். கிண்ணத்தைப் பார்த்த பக்கம் வழவழப்பு, பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் பிய்ச்செடுத்த மாதிரி கரடுமுரடு. ஐஸ் ஏறி வந்த பக்கம் தேய்ச்சிருக்கு, இறங்கின பக்கம் கல்லைப் பிடுங்கியிருக்கு. எந்தப் பக்கமா நகர்ந்ததுன்னு இதை வெச்சே சொல்லிடலாம்.

பாறை மேல கீறல் தெரிஞ்சா உடனே பனியாறுன்னு முடிவு பண்ணாதீங்க. பனி ஏறுறவங்க பூட்ஸ்ல மாட்டுற இரும்பு முள்ளும் கீறும். அது குட்டையா, வெளுப்பா, தாறுமாறா இருக்கும். ஐஸ் கீறினது நீளமா, ஒரே திசையில வரிசையா ஓடும். அடியில மாட்டின கல்லெல்லாம் உப்புத்தாள் மாதிரி உரசின தடம் அது.

ஏரி வந்ததும் வலப்பக்கம் திரும்புங்க. மேற்குக் கரையில வரிசையா நிக்குற பச்சை மேடுகள்தான் மொரைன். சுமார் 12,000 வருஷத்துக்கு முன்னாடி குளிர் மறுபடி கடுமையாகி, இந்தக் கிண்ணத்துல சின்னப் பனியாறு உருவாச்சு. அது கொண்டுவந்து கொட்டினதுதான் இதெல்லாம். ஆறு கொண்டுவந்திருந்தா மணல் வேற, கூழாங்கல் வேறன்னு சலிச்ச மாதிரி பிரிஞ்சிருக்கும். இங்க களிமண், சரளை, பெரிய பாறாங்கல் எல்லாம் ஒண்ணா குழம்பிக் கிடக்கு. சாய்வான காலை வெயில்ல மேடுகளோட உருவம் நல்லா எடுபடும். மேகமூட்டத்துல எல்லாம் ஒரே தட்டையா தெரியும். தயவுசெஞ்சு மேடு மேல ஏறாதீங்க. புல் கிழிஞ்ச இடத்துல மழைத்தண்ணி அறுத்துட்டே போகும், மறுபடி மூட ரொம்ப வருஷம் ஆகும்.

கார் பார்க்கிங்ல இருந்து கிளம்பி ஏரியைச் சுத்தித் திரும்பிவர மொத்தம் சுமார் 5 கிலோமீட்டர். டெவில்ஸ் கிச்சன் பிளவுக்குக் கீழ பாதை ஏறும், குறுக்கே ஓடை வரும். பலத்த மழை பெய்ஞ்சிருந்தா தாண்டாதீங்க, வந்த வழியே திரும்பிடுங்க. மேல பாறை இடுக்குல ஸ்னோடன் லில்லி இருக்கு, பனியுகம் விட்டுப்போன அபூர்வச் செடி. அதைத் தேடிப் பாறை ஏற வேண்டாம், பைனாகுலர் போதும். இந்த ஏத்தத்துலயே நின்னு கீழ திரும்பிப் பாருங்க. கரையில தனித்தனி மேடா தெரிஞ்சது, இங்கிருந்து வளைஞ்ச வரப்பு வரப்பா தெரியும். ஒவ்வொரு வரப்பும் ஐஸோட ஓரம் கொஞ்ச காலம் நின்ன இடம்.