படத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி

(ஓவியக் கூடம் ஒன்றில் நடந்த மாலைச் சந்திப்பில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

மார்கழியில் சபா கேன்டீன் பக்கம் போயிருப்பீர்கள். உள்ளே கச்சேரி. வெளியே அடை அவியலோடு ஒருவர், "இன்னைக்குத் தோடி ராகம் எடுபடலை" என்பார். பக்கத்து இலைக்காரர் விடமாட்டார். "பாதியில எழுந்து வந்துட்டு தோடியைப் பத்திப் பேசறீங்களே?" என்பார். இரண்டு பேருமே பாட்டு கற்றவர்களாக இருக்கமாட்டார்கள். இந்த ஊரில் சங்கீத ரசிகர்களை உருவாக்கியதில் பாதிப் புண்ணியம் கேன்டீனுக்குத்தான் என்பது என் கட்சி.

ஓவியத்துக்கு அப்படி ஒரு இடம் நமக்கு வாய்க்கவில்லை. கண்காட்சித் திறப்பு விழாவில் குத்துவிளக்கு, பொன்னாடை, சமோசா எல்லாம் உண்டு. நாம் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுவோம். மறுநாள் போனால் ஏசி சத்தம் மட்டும் கேட்கும். ஒருமுறை நண்பரிடம் ஒரு படத்தைக் காட்டிக் கொஞ்சம் உரக்கச் சிரித்துவிட்டேன். காவலாளி வந்து உதட்டில் விரல் வைத்தார். எந்தக் கூடம் என்று சொல்லமாட்டேன். சமோசா அங்கே நன்றாக இருக்கும்.

சென்னைக்கு ஓவியம் புதிதில்லை. எழும்பூர் பக்கம் இருக்கும் ஓவியப் பள்ளி 1850-லேயே தொடங்கிவிட்டது. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்றுப் பிழைத்துக்கொண்டே படம் வரைந்தார்கள். பேச்சுக்கு அங்கே பஞ்சமிருந்திருக்காது. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அவர்களோடு நின்றுவிட்டது, பார்க்க வந்த நம் வரைக்கும் வந்து சேரவில்லை.

அதனால்தான் இந்தச் சந்திப்பு. பன்னிரண்டு நாற்காலி, ஒரே படம், இருபது நிமிடம். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும்.

முதல் சந்திப்பில் பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் இருமினார், அவ்வளவுதான். அப்புறம் மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "இந்தக் கோடு ஒரே இழுப்புல போட்டதில்லையே. இங்க கை நின்னிருக்கு" என்றார். தினமும் வாசலில் கோலம் போடுகிறவர். எழுந்து போய்ப் பார்த்தோம். ஆமாம், நீலக் கோட்டில் ஒரு மிளகு அளவுக்குச் சாயம் தடித்து நின்றது. பின்னால் நின்ற ஓவியர் தலையைச் சொறிந்துகொண்டு, "அங்கதாங்க போன் வந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கை நின்ற இடத்தைத் திருத்தாமல் ஏன் விட்டார் என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்க, அதிலேயே அரை மணி நேரம் போனது.

பெரிய கூடம்தான் வேண்டும் என்றில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரான்சில் இருந்த சிற்பி ரொதான் அவரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். நமக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரம். போன மாதம் என் அண்ணன் பேத்தியைக் கூட்டிப் போனேன். "தாத்தா, சுத்தி நெருப்பு வளையம் எங்கே?" என்றாள். திருவாசி அவருக்கு இல்லை. இத்தனை வருடம் போய் வந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. மனசே வளையத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கூடம் நடத்துகிறவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படத்துக்கு எதிரில் உட்கார நாற்காலி போடுங்கள், காவலாளிக்கும் ஒன்று. அவர்தான் அந்தப் படங்களோடு நாள் முழுக்க இருக்கிறவர், அவரையும் பேச விடுங்கள்.

சரி, டீ வந்துவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு அந்தப் பச்சைப் படத்தின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொள்ளுங்கள். இன்றைக்கு முதலில் பேசப்போவது யார்?