கடலுக்கு எத்தனை மீட்டர் தள்ளி வீடு?

தலைமையேற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மீனவப் பஞ்சாயத்து நாட்டார்களே, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும், வாசலில் நின்று வரவேற்ற தலைமை ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி.

சட்டம், மணல், நஷ்டஈடு என்று மூன்று விஷயம் பேசுகிறேன்.

கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் தொடும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது. 2011-இல், 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர்கள் குடியிருக்க வீடு கட்டலாம் என்று வழிவிட்டார்கள். 2019-இல், சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் அந்த 200 மீட்டரை 50 ஆகச் சுருக்க இடம் கொடுத்தார்கள். கடல் ஊருக்குள் வரும் காலத்தில், கட்டடத்தைக் கடல் பக்கம் விடுவது என்ன நியாயம்?

பக்கத்துக் குப்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஓய்வு பெற்ற வெளியூர்க்காரர் ஒருவர் கடலைப் பார்த்தபடி மனை வாங்கியிருந்தார். பல வருஷம் கழித்து வீடு கட்டலாம் என்று அளக்க ஆள் கூட்டிவந்தார். மேற்கு மூலையில் சர்வேயர் நிற்க, ஒரு பையன் டேப்பை இழுத்துக்கொண்டு கிழக்கே போனான். தென்னை மரம் தாண்டியது. முள்வேலி தாண்டியது. பையனுக்கு முழங்கால் தண்ணீர். "இன்னும் போப்பா" என்கிறார் சர்வேயர். இடுப்பளவு தண்ணீர். "இன்னும் கொஞ்சம்." பையன் திரும்பி நின்று, "சார், எனக்கு நீச்சல் தெரியாது!" என்று கத்தினான்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "ஐயா, அந்தப் பையன் நிக்கிற இடத்துலதான் என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் போட்டோம். பந்தலுக்குக் கிழக்கே கரைவலை இழுக்க இடம் இருந்துச்சு. அதுக்கும் கிழக்கேதான் கடல்" என்றார். மனைக்காரருக்கு ஊரில் வேறு வீடு இருந்தது, பத்திரத்தை மடித்துக்கொண்டு பஸ் ஏறினார். பெரியவர் எங்கே போவார்?

நம் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே. வீட்டுக்கு மீட்டர் கணக்குப் பார்க்கிறோம், கரையைக் கட்டியிருந்த மணலை விட்டுவிட்டோம்.

ஆண்டில் பெரும்பகுதி, புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் நம் கரையோரம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுவரும். வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பிப் போகும். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே வரவில்லை. தேங்கும் மணலை இந்தப் பக்கம் தள்ளும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அதை ஒழுங்காக நடத்தவில்லை. தும்பை விட்டது அங்கேதான்!

அப்புறம் வால். நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு ஆரம்பித்தது. அங்கே கல் கொட்டினால் அடுத்த ஊர். தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அரிப்பு வடக்கே வந்தது. அதே புதுச்சேரியில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தார்கள், துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் கிடைத்தது, காணாமல் போன கடற்கரை திரும்பி வந்தது. நகரத்துக்குக் கிடைத்த மணல் குப்பத்துக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். துறைமுகத்தில் தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கொண்டுவந்து கொட்ட வேண்டும். அது நடக்கும்வரை 200 மீட்டருக்குள் புதிதாக ஒரு ரிசார்ட், ஒரு வார இறுதி பங்களா வரக்கூடாது. வீடு இழந்த மீனவக் குடும்பத்துக்கு இதே ஊரில் பட்டா வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் குடிவைத்துவிட்டால் இங்கே படகையும் வலையையும் யார் பார்ப்பது?

நஷ்டஈடு பற்றிப் பேச நேரமில்லை, வட்டாட்சியர் அவர்கள் கிளம்ப வேண்டும். அவர் கையிலேயே மனுவைக் கொடுத்துவிடலாம். மேடைக்கு இடப்பக்க மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போடாதவர்கள் வரிசையில் வாருங்கள். அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாகக் கொண்டுவரத் தலைவர் அவர்கள் சம்மதித்திருக்கிறார். அன்றைக்கும் இதே கூட்டம் வர வேண்டும். நன்றி, வணக்கம்.