பழைய புடவையை வெயிலில் பிடித்துப் பாருங்கள்

[காட்சி: திண்ணை. கொடியிலிருந்து எடுத்த நூல் புடவைகள் குவியலாகக் கிடக்கின்றன.]

வணக்கம். ஐப்பசி அடைமழை வந்துவிட்டால் கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு கால்மிதி போதாது. ஒன்று நனைந்து கிடக்கும், இன்னொன்று காயாமல் நாறும். மூன்றாவதாக பீரோவிலிருந்து ஒரு பழைய நூல் புடவையை இழுத்து, நாலாக மடித்து வாசலில் போட்டுவிடுவோம். இந்த வீடியோ அந்தப் புடவையைப் பற்றித்தான்.

அதைக் கிழித்துக் கால்மிதியாக நெய்யலாம். இல்லையா, அடுக்கி விரிப்பாகத் தைக்கலாம். எது எதற்கு என்று பிரிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள், நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். நான் வெயிலில் பிடித்துப் பார்த்துப் பிரிக்கச் சொல்வேன்.

[காட்சி: இரண்டு கைகள் புடவையை வெளிச்சத்துக்கு நேரே விரிக்கின்றன.]

கஞ்சி போக அலசிக் காயவைத்த புடவை இது. முந்தானைப் பக்கம் வெளிச்சம் அவ்வளவாக வரவில்லை. இதோ, உட்காரும் இடத்தில் சல்லடை மாதிரி தெரிகிறது. புடவை ஒன்றுதான், துணி இரண்டு. வெளிச்சத்தைத் தடுக்கிற பகுதி இழுவையைத் தாங்கும், அது நெசவுக்கு. சல்லடையான பகுதி இழுத்தால் விட்டுப்போகும், ஆனால் மெத்தென்று இருக்கும். அது தையலில் நடு அடுக்குக்கு.

சரி, முதலில் நெசவு. கத்தரிக்கோலால் ஓர் அங்குலத்துக்கு ஒரு வெட்டு கொடுத்து, கையால் கிழியுங்கள். நூல் துணி இழையோடு நேராகக் கிழியும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் கோணலாக ஓடும், அதை ஒதுக்கிவிடலாம். ஒரு முனையிலிருந்து கிழித்து, மறுமுனைக்கு ஓர் அங்குலம் முன்பே நிறுத்துங்கள். அடுத்த கிழிசலை அந்த முனையிலிருந்து தொடங்குங்கள். இப்படி மாற்றி மாற்றிப் போனால் மொத்தத் துணியும் முடிச்சே இல்லாத ஒரே நாடாவாகிவிடும். எங்கும் நையாத ஐந்தரை மீட்டர் புடவையில் கரை நீக்கி 40 கீற்று வந்தால் 220 மீட்டர். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை மூன்று முறை அளந்தும் மிச்சமிருக்கும்!

[காட்சி: ஆணி அடித்த பழைய ஜன்னல் சட்டம்.]

தறி வேண்டாம். மரச்சட்டத்தில் மேலும் கீழும் அரை அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்து, பருத்திக் கயிற்றை ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டினால் அதுதான் பாவு. குறுக்கே ஒன்று விட்டு ஒன்றாக நுழைந்து போகிற துணி நாடா ஊடை. திருபுவனத்துப் பட்டுத் தறியிலும் இதே பாவும் ஊடையும்தான். அங்கே இழை மயிர் மாதிரி, நமக்குச் சுண்டுவிரல் கனம். ஜப்பானில் கிழித்து நெய்கிற இந்த வேலைக்கு சகிஓரி என்று பெயர். குளிரில் பருத்தி விளையாத வடக்குப் பகுதியில் அந்தக் காலத்தில் பழைய பருத்தித் துணி அவ்வளவு அருமை.

இப்போது நான் செய்த தப்பைக் காட்டுகிறேன்.

[காட்சி: இடை ஒடுங்கிய ஒரு கால்மிதி.]

இது என் முதல் கால்மிதி. 18 அங்குலத்தில் தொடங்கி, நடுவில் 14 ஆகி, உடுக்கை மாதிரி நிற்கிறது. ஊடையை ஒவ்வொரு வரிசையிலும் இறுக்கி இழுத்ததன் பலன். நாடாவை நேராக இழுக்காமல் வில் போல வளைத்துப் போட்டு, பிறகு ஒரு பழைய சீப்பால் கீழே தட்டுங்கள். வளைவு நேராகும்போது பாவுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கத் தேவையான நீளம் அதிலிருந்தே கிடைத்துவிடும். நாடா தீர்ந்தால் கோணி ஊசியால் நுனியை உள்ளே செருகுங்கள்.

அப்புறம் தையல். நம் பக்கத்தில் துணித்துண்டு வேலையைப் பார்க்கத் தேரடிக்குத்தான் போக வேண்டும். அலங்காரத்தோடு 96 அடி நிற்கிற திருவாரூர் ஆழித்தேரில் தொங்கும் தொம்பைகள், வண்ணத் துணிகளை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தவை. அவை கண்ணுக்கு. நாம் தைக்கப்போவது படுக்க, அதனால் வங்காளத்துக் காந்தாவின் வழி. அங்கே பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள்.

[காட்சி: மூன்று அடுக்குத் துணி, நடுவிலிருந்து தொடங்கும் தையல்.]

சல்லடைத் துணி நடுவில், நல்ல துணி மேலும் கீழும். மூன்றும் பழசாகவே இருக்கட்டும். புதுத்துணி ஒன்றைச் சேர்த்தால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கி, மற்றதைக் கிழிக்கும். தையலை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து திரளும். ஊசியில் கை நீளத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், சிக்கும். தையல் ஒரு பொன்னி அரிசி நீளம், வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி. இவ்வளவு நெருக்கமாகத் தைத்தால் நைந்த துணிக்குத் தையலே இழையாகிவிடும்.

வாஷிங் மெஷின் மட்டும் வேண்டாம். கையால் அலசி, வெயிலில் விரித்துக் காயப்போடுங்கள்.

[காட்சி: திண்ணையில் விரித்த ஒரு பழைய விரிப்பு.]

இது எங்கள் அம்மாச்சி தைத்தது. மேல் துணி தேயும்போதெல்லாம் பிரிக்காமல் அதன்மேலேயே இன்னொரு புடவையை வைத்துத் தைத்திருக்கிறார். ஓரத்தை எண்ணிப் பார்த்தேன், ஏழு அடுக்கு. இந்த மூலையில் எட்டாவதுக்கு என் புடவையைப் பிடித்து வைத்திருக்கிறேன். இன்னும் பாதிதான் தைத்தாயிற்று.