தெருவுக்கு ஒரு விதி வேண்டும்

நடுவர் அவர்களே! சென்னையின் பார்க்கிங் தொல்லை தீர முதலில் தேவை புதிய கட்டடமா, புதிய விதியா என்று கேட்டிருக்கிறீர்கள். விதிதான் என்கிறது எங்கள் அணி.

"இடமில்லை, அதனால்தான் தெருவில் விடுகிறார்கள்" என்றார்கள் எதிரணி நண்பர்கள். தி.நகர் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு பார்க்கிங் கட்டியாயிற்றே! கடை வாசலில் விட்டாலும் கேட்க ஆளில்லை என்றால், மேல் மாடிக்கு எவர் காரை ஏற்றுவார்?

கடைவீதியில் கார் நிறுத்தும் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 5 மீட்டர், அகலம் இரண்டரை. காலை 10 மணிக்குக் கடை முதலாளியின் கார் அங்கே வந்து நின்றால் இரவு 9 வரை நகராது. ஒரு வண்டிக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால், அந்த 11 மணி நேரத்தில் 14 வாடிக்கையாளர் வந்து போயிருப்பார்கள். அவர்கள்தான் இன்று இரண்டாவது வரிசையில் நிறுத்தி பஸ்ஸை மறிக்கிறார்கள். முதல் மணிக்குக் குறைந்த கட்டணம், பிறகு மணிக்கு மணி ஏற்றம், கட்டட பார்க்கிங்கைவிடத் தெருவில் எப்போதும் கூடுதல் என்று விதி எழுதுங்கள், முதலாளியின் கார் தானாக மாடி ஏறும். சான்பிரான்சிஸ்கோவில் 2011 முதல் தெருத் தெருவாக, நேரத்துக்கு நேரம், நெரிசல் பார்த்துக் கட்டணத்தை ஏற்றி இறக்கினார்கள்.

குடியிருப்புத் தெருவுக்கு வாருங்கள். அகலம் 20 அடி, அதாவது 6 மீட்டர். இருபுறமும் கார் நின்றால் மூன்றரை மீட்டர் போய்விடும். மிச்சம் இரண்டரை. சுவரோரம் ஒரு சாண் விட்டு நிறுத்தினால் அதுவும் இல்லை. தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்? இத்தகைய தெருவில் ஒரு பக்கம் மட்டும் என்று கோடு போட்டே ஆக வேண்டும்.

உறை போர்த்தி மாதக்கணக்கில் நிற்கும் கார்களைப் பாருங்கள். டயரில் காற்றில்லை. அதன் அடியில் மழைநீர் வடிகாலின் மூடி. தூர்வார வருகிறவர்கள் அந்த மூடியைத் திறக்க முடியாமல் அடுத்ததற்குப் போகிறார்கள், ஐப்பசியில் அந்தத் தெரு மிதக்கிறது. 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. மாநகராட்சி விதியில் அதற்கான நடைமுறை வேண்டும்: யார் நோட்டீஸ் ஒட்டுவது, எந்த யார்டுக்கு இழுப்பது, நாள் வாடகை எவ்வளவு.

அபராதம் போதாதா என்கிறார்கள். நோ பார்க்கிங்குக்கு முதல் தடவை 500, அடுத்து 1,500 ரூபாய் இருக்கிறது. ஆனால் எந்தக் கம்பம் முதல் எந்தக் கம்பம் வரை, எத்தனை மணி வரை என்று போர்டு சொல்வதில்லையே! அம்புக்குறியும் நேரமும் இல்லாத போர்டு தகராறுக்குத்தான் வழி.

ஜப்பான் 1962இலேயே சட்டம் போட்டது. கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருப்பதைக் காட்ட வேண்டும், இன்றைய கணக்கில் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அந்தக் கேள்வி எழட்டும்.

"பைக் வைத்திருக்கும் ஏழை என்ன செய்வான்?" என்று எதிரணித் தோழி கேட்டது நியாயமான கேள்வி. ஒரு கார் நிற்கும் கட்டத்தில் ஐந்து பைக் நிற்கும். அவரிடம் கார் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பதையும் அந்த விதியிலேயே எழுதச் சொல்கிறோம்.